யாருடைய காணி, யாருடைய அணி?

2024 ஒக்டோபர் 28, திங்கட்கிழமை காலை. போனைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் ஒரே வீடியோ. வொஷிங்டன் கொமாண்டர்ஸ் அணி சிக்காகோ பெயார்ஸ் அணியிடம் 12-15 என்று பின்னால் நிற்கிறது. நேரம் முடிந்துவிட்டது, ஒரேயொரு எறிதான் மிச்சம். ஜேடன் டானியல்ஸ் பந்தோடு அங்கும் இங்கும் ஓடி, எதிரணிக்காரர்களுக்குப் பிடிகொடுக்காமல், கடைசியில் இருக்கிற பலமெல்லாம் சேர்த்து எறிகிறார். பந்து கூட்டத்துக்குள் விழுந்து, கைகளில் பட்டுத் தெறித்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் போகிறது. 18-15. நாங்கள் ஒரு பத்துத் தடவையாவது பார்த்திருப்போம்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தை இங்கிருந்து பார்க்கிற ஆக்கள் குறைவு. பெயர்தான் உதைபந்தாட்டம், விளையாட்டில் முக்கால்வாசி கையால்தான். பக்கத்துக்குப் பதினொரு பேர். பத்து யார் முன்னேற நான்கு முயற்சி. எறிகிறவர் குவாட்டர்பெக். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் மிச்சம் விளங்கும்.

2023இல் 4 வெற்றி, 13 தோல்வி என்று கிடந்த கொமாண்டர்ஸ், டானியல்ஸ் வந்த முதல் வருடமே 12 வெற்றி, 5 தோல்வி என்று எழும்பி, சுப்பர் போலுக்கு ஒரு படி கீழே வரை போனது. 1991 பருவத்துக்குப் பிறகு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. ‘ஒரு ஆள் வந்து அணியை மாத்திட்டான்’ என்று எல்லாரும் சொன்னார்கள். இரசிகர்களாக நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

ஆனால் இந்த அணியின் பழைய பட்டியல்களைத் தேடிப் போனபோது வேறொரு கதை வந்தது. இன்று கறுப்பின இளைஞர் ஒருவரை நம்பி நிற்கிற இதே அணியில், 1962 வரைக்கும் ஒரு கறுப்பின வீரர்கூட விளையாடவில்லை. தேசிய உதைபந்தாட்ட லீக்கில் கடைசியாகக் கதவைத் திறந்த அணி இதுதான். அதுவும் தானாகத் திறக்கவில்லை.

சலவைக்கடை முதலாளி

அணியின் முதலாளி ஜோர்ஜ் பிரஸ்டன் மார்ஷல். வொஷிங்டனில் சலவைக்கடைகள் நடத்திப் பணம் சேர்த்தவர். 1932இல் பொஸ்டனில் அணியைத் தொடங்கினார். அடுத்த வருடம் அதற்கு ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்று பெயர் வைத்தார். அமெரிக்கப் பூர்வகுடிகளைத் தோல் நிறத்தால் குறிக்கிற இழிசொல் அது. 1937இல் அணியை வொஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்.

மார்ஷலை மொக்கன் என்று தள்ளிவிட முடியாது. விளையாட்டை வியாபாரமாகப் பார்க்கத் தெரிந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். லீக்கை இரண்டு பிரிவாக்கி, வருட முடிவில் இறுதிப்போட்டி வைக்கிற ஏற்பாட்டுக்குப் பின்னால் அவர் இருந்தார். பந்தை முன்னோக்கி எறிகிற விதியைத் தளர்த்தியதிலும் அவருக்குப் பங்குண்டு. இடைவேளையில் வாத்தியக் குழு, ஊர்வலம், பாட்டு என்று திருவிழா போலச் செய்ததும் அவர்தான்.

வந்த வருடமே, 1937இல், சமி பாஃ என்ற இளம் வீரரை வைத்துச் சம்பியன். 1942இல் திரும்பவும் சம்பியன். நடுவில் 1940 இறுதிப்போட்டியில் சிக்காகோவிடம் 73-0 என்று வாங்கிக்கட்டிய கதையும் உண்டு. இருந்தாலும் அந்தக் காலத்தில் வொஷிங்டன் பெரிய அணி.

அதே காலத்தில் லீக்கில் கறுப்பினத்தவர் எவருமே இல்லை. தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. 1920இல் லீக் ஆரம்பித்தபோது ஃபிரிட்ஸ் பொலார்ட் என்ற கறுப்பின வீரர் விளையாடினார். அடுத்த வருடம் பயிற்றுநராகவும் இருந்தார். ஆனால் 1933 பருவம் முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுத்தில் எந்த விதியும் கிடையாது. முதலாளிமாரிடையே பேசாமல் பேசிக்கொண்ட ஒப்பந்தம் அது. அதைப் பிடித்து நிறுத்தியதில் மார்ஷலுக்குப் பெரிய பங்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஒரு புள்ளி வித்தியாசம்

1945 இறுதிப்போட்டி. கிளீவ்லன்ட் ராம்ஸ் எதிர் வொஷிங்டன். சமி பாஃ தனது சொந்த எல்லைக்குள் நின்று பந்தை எறிகிறார். பந்து கோல் கம்பத்தில் பட்டு விழுகிறது. அன்றைய விதிப்படி அதற்கு எதிரணிக்கு இரண்டு புள்ளி. முடிவு: ராம்ஸ் 15, வொஷிங்டன் 14.

இந்த ஒரு புள்ளிக்குப் பிறகு இரண்டு அணிகளும் போன வழியைத்தான் பார்க்க வேண்டும்.

வென்ற ராம்ஸ், அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே விளையாட விரும்பிய இடம் கொலிசியம் மைதானம். அது பொதுச் சொத்து, வரிப்பணத்தில் நிற்கிறது. 1946 ஜனவரியில் மைதான ஆணைக்குழு கூடியபோது, ஹாலி ஹார்டிங் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் எழும்பிக் கேட்ட கேள்வியின் சாரம் இதுதான்: எங்கட வரியிலும் கட்டின மைதானத்தில், எங்கட பிள்ளைகளைச் சேர்க்காத அணி எப்படி விளையாடலாம்? ராம்ஸ் நிர்வாகத்தால் அதற்கு மேல் ஒளிய முடியவில்லை. மார்ச் மாதம் கென்னி வொஷிங்டனையும் பிறகு வூடி ஸ்ட்ரோடையும் ஒப்பந்தம் செய்தார்கள். (கென்னியின் பெயரில்தான் வொஷிங்டன், நகரத்தோடு சம்பந்தமில்லை.) பேஸ்போலில் ஜக்கி ரொபின்சன் பெரிய லீக்கில் இறங்குவதற்கு ஒரு வருடம் முந்தியது இது. மூன்று பேரும் ஒரே பல்கலைக்கழக அணியில் ஒன்றாக விளையாடியவர்கள்.

ஆனால் கென்னிக்கு அப்போது வயது 27. முழங்கால்கள் ஏற்கனவே பழுது. அவருடைய நல்ல வருடங்களை அந்த எழுதாத ஒப்பந்தம் தின்றுவிட்டது. கதவு திறந்தது என்று எழுதுகிற வரலாறு, திறக்கும்வரை வெளியே நின்றவர்களின் வயதைக் கணக்கெடுப்பதில்லை.

தோற்ற வொஷிங்டன்? அது எதையும் மாற்றவில்லை. மார்ஷல் மாற்றச் சொல்லி நின்றது ஒன்றைத்தான், அந்தக் கோல் கம்ப விதியை.

தோற்றுக்கொண்டே இருந்த அணி

1946 முதல் 1961 வரை பதினாறு பருவங்கள். அதில் வொஷிங்டன் தோல்விகளைவிட அதிக வெற்றி பெற்றது மூன்றே மூன்று பருவங்களில்: 1948, 1953, 1955. 1960இல் ஒரேயொரு வெற்றி. 1961இலும் ஒரேயொரு வெற்றி, அதுவும் பருவத்தின் கடைசிப் போட்டியில்.

இரசிகர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன சொல்வார்? பயிற்றுநர் சரியில்லை, குவாட்டர்பெக் சரியில்லை, அதிர்ஷ்டம் இல்லை. எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மற்ற அணிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் போதும். ரோஸ்வெல்ட் பிரவுன், வேர்ஜீனியாவில் பிறந்தவர். படித்து விளையாடியது பல்ரிமோரில் உள்ள மோகன் ஸ்டேட் கல்லூரியில். வொஷிங்டனிலிருந்து பக்கத்து நகரம், காரில் ஒரு மணித்தியாலம். 1953இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணி அவரை 27ஆவது சுற்றில் எடுத்தது. 27ஆவது சுற்று என்றால் வேறு ஆள் இல்லாமல் சும்மா எடுப்பது மாதிரி. அந்த மனிதர்தான் பிறகு ஜயன்ட்ஸின் முன்வரிசையைப் பதின்மூன்று பருவங்கள் தாங்கி, புகழ்மண்டபத்துக்குப் போனார். மற்ற அணிகளும் அவரைத் தவறவிட்டன, உண்மை. ஆனால் மற்றவர்கள் அவரைத் தெரியாமல் தவறவிட்டார்கள். வொஷிங்டன் தெரிந்திருந்தாலும் எடுத்திருக்காது. இரண்டும் ஒன்றில்லை.

1957இல் கிளீவ்லன்டுக்கு வந்த ஜிம் பிரவுன், வொஷிங்டனை வருடத்துக்கு இரண்டு தடவை உழுதுவிட்டுப் போவார். ‘வொஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர் ஷேர்லி பொவிச் மார்ஷலை விடவேயில்லை. எதிரணியின் கறுப்பின வீரர்கள் வொஷிங்டனின் எல்லைக்குள் பந்தோடு புகும்போதெல்லாம், அணியில்தான் கலப்பு இல்லை, எல்லைக்கோட்டிலாவது நடக்கிறதே என்ற தொனியில் எழுதுவார். சிரிப்பு வரும், பிறகு வலிக்கும்.

மார்ஷல் ஏன் அசையவில்லை? அவருடைய பதில்: வியாபாரம். நீண்ட காலம் தென்மாநிலங்களுக்கு ஆகக் கிட்ட இருந்த அணி வொஷிங்டன். தென்மாநிலங்கள் முழுக்க வானொலி, தொலைக்காட்சி வலையமைப்பு ஒன்றை மார்ஷல் கட்டியிருந்தார். இன ஒதுக்கல் சட்டமாக இருந்த அந்த மாநிலங்களின் வெள்ளை இரசிகர்கள்தான் அவருடைய சந்தை. அணியின் பாட்டில்கூடத் தென்மாநிலங்களின் பழைய பெருமையைத் தூக்கிப்பிடித்தார்கள்.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘திறமைதான் கடைசியில் வெல்லும், பாகுபாடு பார்க்கிறவன் சந்தையில் தோற்பான், காலம் தானாகத் திருத்தும்’ என்று ஒரு வாதம் இருக்கிறது. நல்லாத்தான் இருக்கு. வெற்றி தோல்வி வெளிப்படையாகத் தெரிகிற தொழில் விளையாட்டைப் போல வேறில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடைத்தாள் வரும். அப்படிப்பட்ட இடத்திலேயே பதினாறு பருவங்களாகச் சந்தை எதையும் திருத்தவில்லை. ஏனென்றால் மார்ஷல் விற்றது வெற்றியை மட்டுமில்லை. வெள்ளை அணி ஒன்றைப் பார்க்கிற சுகத்தையும் விற்றார். அதற்கு வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள்.

இத்தனைக்கும், அணி பெயரைத் தாங்கிய நகரத்தில் 1960 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர்.

காணிச் சொந்தக்காரர் வருகிறார்

1961இல் வொஷிங்டனில் புது மைதானம் தயாராகிறது. மார்ஷல் 30 வருடக் குத்தகைக்குக் கையெழுத்திட்டுவிட்டார். ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை: அந்த மைதானம் நின்ற காணி மத்திய அரசின் பூங்கா நிலம். அதற்குப் பொறுப்பு உள்துறைத் திணைக்களம்.

அந்த ஜனவரியில் ஜோன் எஃப். கென்னடி ஜனாதிபதியானார். உள்துறைச் செயலாளராக வந்தவர் அரிசோனாக்காரரான ஸ்டுவர்ட் யூடல். மார்ச் மாதம் அவர் மார்ஷலுக்கு அறிவித்தார்: அரச நிலத்தைப் பாவிக்கிறவர்கள் ஆட்சேர்ப்பில் இனப்பாகுபாடு காட்ட முடியாது, காட்டினால் மைதானம் இல்லை.

மார்ஷல் கொதித்தார், கேலி செய்தார். அவருக்கு ஆதரவாக அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் பதாகைகளோடு வீதியில் நின்றார்கள். மறுபக்கம் சிவில் உரிமை அமைப்புகள் மறியல் செய்தன. கடைசியில் லீக் ஆணையாளர் பீட் ரொசெல் நடுவில் வந்தார். 1961 பருவம் அப்படியே போகட்டும், அடுத்த தேர்வில் கறுப்பின வீரர்களை எடுப்பேன் என்று மார்ஷல் இறங்கினார்.

இந்தத் தேர்வு முறையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் புதிய வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும். ஆக மோசமாக விளையாடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1961இல் ஒரேயொரு வெற்றி பெற்ற வொஷிங்டன்தான் முதலில் நின்றது. கறுப்பினத்தவரை ஒதுக்கியதும் சேர்ந்து உண்டாக்கிய தோல்வியே முதல் கறுப்பினத் தெரிவுக்கு வழிவிட்டது. வரலாறு சில நேரம் இப்படியும் கணக்குத் தீர்க்கும்.

எடுத்தது ஏர்னி டேவிஸ். கல்லூரி விளையாட்டின் உயரிய விருதான ஹைஸ்மன் கிண்ணத்தைப் பெற்ற முதல் கறுப்பின வீரர். ஆனால் அவர் வொஷிங்டனுக்கு விளையாடவில்லை. அவரைக் கிளீவ்லன்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பொபி மிட்செலையும் லீரோய் ஜக்சனையும் வாங்கினார்கள். கிளீவ்லன்ட் போன டேவிஸுக்கு 1962இல் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஒரு போட்டிகூட விளையாடாமல் 1963 மே மாதம், 23 வயதில் இறந்துபோனார்.

இலக்கம் 49

1962 வொஷிங்டன் பட்டியலில் மிட்செல், ஜக்சன், பிட்ஸ்பேர்க்கிலிருந்து வந்த ஜோன் நிஸ்பி, ரொன் ஹச்சர் ஆகியோர் இருந்தார்கள். முதல் போட்டி டலஸுக்கு எதிராக. மிட்செல் ஒரு உதையை வாங்கி 92 யார் ஓடி டச்டவுன் போட்டார். இரண்டு எறிகளைப் பிடித்தும் போட்டார். 35-35 சமநிலை. அடுத்த போட்டி அவரை விற்ற கிளீவ்லன்டுக்கு எதிராக. ஆட்டம் முடியப்போகிற நேரம் மிட்செல் பிடித்த பந்தால் வொஷிங்டன் 17-16 என்று வென்றது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகப் பந்துகளைப் பிடித்தவர் அவர்: 72 பிடிகள், 1,384 யார்.

அணி? முதல் ஆறு போட்டிகளில் தோல்வியே இல்லை, நான்கு வெற்றி, இரண்டு சமநிலை. பிறகு சரிந்து 5 வெற்றி, 7 தோல்வி, 2 சமநிலை என்று முடித்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பின வீரர்கள் வந்ததும் அணி சம்பியன் ஆனது என்று கதையை முடித்தால் கேட்க இனிக்கும், ஆனால் பொய். அடுத்த பிளேஓஃப் போட்டிக்கு 1971 வரை இருக்க வேண்டியிருந்தது. மேலும், ‘சேர்த்தால் வெல்லலாம்’ என்பதற்காகத்தான் சேர்க்க வேண்டுமென்றால், சேர்த்தும் தோற்றால் என்ன செய்வது? திரும்ப வெளியில அனுப்புறதா? மிட்செலுக்கு அந்த இடம் 1,384 யார் ஓடினதால் கிடைத்த பரிசு இல்லை. முதலிலிருந்தே அவருடைய உரிமை.

அந்த வருடங்கள் அவருக்கு இலேசாக இருக்கவில்லை. அதே நகரத்தில் உணவகங்களில் அவமதிப்பு, சொந்த அணி இரசிகர்களிடமிருந்தே வசவு. வரவேற்பு விருந்தொன்றில் தென்மாநிலப் பெருமைப் பாட்டை வாத்தியக் குழு வாசித்தபோது, பக்கத்தில் இருந்த மார்ஷல் தன்னையும் பாடச் சொன்னதாக மிட்செல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகும் அணி நிர்வாகத்திலேயே 2003 வரை வேலை செய்தார். பொது முகாமையாளர் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. மைதானத்துக்குள் விட்ட கதவு, அலுவலக மாடியில் சாத்தியே கிடந்தது.

1988 ஜனவரி 31. டக் வில்லியம்ஸ் வொஷிங்டனின் குவாட்டர்பெக்காகச் சுப்பர் போலில் இறங்குகிறார். அந்த இடத்தில் சுப்பர் போலைத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர். ‘ஓடுவார்கள், பிடிப்பார்கள், ஆனால் அணியை வழிநடத்த மூளை வேண்டும்’ என்ற பேச்சு இலைமறைகாயாக உலாவிய காலம். முதல் கால்பகுதியில் டென்வர் 10-0 என்று முன்னால். வில்லியம்ஸின் முழங்காலும் திருகிவிட்டது. இரண்டாவது கால்பகுதியில் வொஷிங்டன் போட்டது 35 புள்ளிகள், வில்லியம்ஸின் கையிலிருந்து நான்கு டச்டவுன்கள். 42-10. ஆட்ட நாயகனும் அவரே. மார்ஷல் இறந்து அப்போது பதினெட்டு வருடத்துக்கு மேல்.

மிச்சம் இருந்தவை

மார்ஷல் 1969இல் இறந்தபோது சிறுவர் நலனுக்காக ஓர் அறக்கட்டளைக்குச் சொத்து எழுதிவைத்தார். அதில் ஒரு நிபந்தனை: இனங்களை ஒன்றுசேர்க்கிற எந்த நோக்கத்துக்கும் ஒரு சதமும் போகக்கூடாது. வியாபாரத்துக்காகத்தான் அப்படி நடந்தேன் என்று சொன்ன மனிதரின் உயில் இது. செத்த பிறகு என்ன வியாபாரம்?

ஆனாலும் 1963இல் புகழ்மண்டபம் திறந்தபோது முதல் தொகுதியிலேயே மார்ஷலின் பெயர் இருந்தது. மிட்செல் அங்கே போக 1983 ஆனது. பழைய மைதானத்தின் முன்னால் மார்ஷலுக்கு நினைவுச்சின்னமும் நின்றது. ஜோர்ஜ் ஃபுளொயிட் கொலைக்குப் பிறகு அமெரிக்கா கொதித்த 2020 ஜூனில்தான் அதைக் கழற்றினார்கள். அதே மாதம் மிட்செலின் இலக்கம் 49ஐ அணி அவருக்கென்றே ஒதுக்கியது. புதிய மைதானத்தில் மார்ஷல் பெயரில் இருந்த பகுதிக்கு மிட்செலின் பெயர் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல், 84 வயதில், இறந்திருந்தார்.

ஜூலையில் ‘ரெட்ஸ்கின்ஸ்’ பெயரும் போனது. சூசன் ஹார்ஜோவும் மற்றப் பூர்வகுடிச் செயற்பாட்டாளர்களும் 1992இலிருந்து சட்டவழியில் போராடியும் நகராத பெயர், மைதானத்துக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்த ஃபெட்எக்ஸ் நிறுவனம் மாற்றச் சொன்னதும் சில நாட்களில் நகர்ந்தது. 2022இல் ‘கொமாண்டர்ஸ்’ ஆனது.

இப்போது மூன்று திகதிகளையும் பக்கத்தில் வையுங்கள். 1946இல் பொது மைதானம், 1961இல் அரச காணி, 2020இல் விளம்பரப் பணம். மூன்று தடவையும் நியாயம் ஏற்கனவே பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. பத்திரிகையாளர்கள் எழுதினார்கள், ஆட்கள் மறியல் நின்றார்கள், வழக்குப் போட்டார்கள். ஆனால் முதலாளி அசைந்தது, தன் காலுக்குக் கீழே இருக்கிற நிலம் அசைந்தபோதுதான்.

அதற்காகப் போராடியவர்களின் சத்தம் வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஹார்டிங் எழும்பிக் கேட்டிருக்காவிட்டால் கொலிசியம் ஆணைக்குழுவுக்குத் தன்னிடம் அதிகாரம் இருப்பதே ஞாபகம் வந்திருக்காது. பொவிச் எழுதிக்கொண்டே இருந்திருக்காவிட்டால் யூடலின் கடிதத்துக்குப் பின்னால் ஒரு நகரம் நின்றிருக்காது. நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் அவர்கள்.

ஆனால் நெம்புகோலுக்கு நீதி தெரியாது. 2025 ஜூலையில் ஜனாதிபதி டொனல்ட் ட்ரம்ப், பழைய பெயருக்குத் திரும்பாவிட்டால் வொஷிங்டனில் புது மைதானத் திட்டத்துக்குத் தடை வரலாம் என்று எழுதினார். அந்தத் திட்டம் எந்த இடத்தில்? 1961இல் யூடல் பிடித்து நின்ற அதே காணியில்! அறுபத்துநான்கு வருடத்துக்குப் பிறகு, அதே இடம், அதே நெம்புகோல், எதிர்ப்பக்கமாக. நகர சபை செப்டெம்பரில் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெயர் திரும்பவில்லை, இதுவரை.

அடுத்த பருவத்திலும் நாங்கள் திங்கட்கிழமை காலைகளில் போனைத் திறந்து டானியல்ஸ் என்ன செய்தார் என்றுதான் முதலில் பார்ப்போம். வென்றால் சந்தோஷம், தோற்றால் பயிற்றுநரைத் திட்டுவோம். இரசிகர்கள் என்றால் அப்படித்தான். ஆனால் ஒரு அணியின் பட்டியலைப் பார்க்கும்போது இனி இரண்டு கேள்வி கூடச் சேர்த்துக் கேட்போம். இதில் இல்லாத பெயர்கள் யாருடையவை? இவர்கள் விளையாடுகிற காணி யாருடையது?